நாச்சிக்காட்டுப் பன்றி

நாச்சி மேல் சத்தியம், நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் இந்த பஸ் இப்போதே பள்ளத்தில் உருளட்டும். டிரைவர் திரும்பிப் பார்க்கிறார். சரி, பஸ் வேண்டாம், பிள்ளைகுட்டிக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். என் நாக்கு அழுகட்டும். மிச்சமிருக்கிற பல்லெல்லாம் சோற்றோடு சோறாகக் கொட்டட்டும். சத்தமாகத்தான் சொல்கிறேன், எல்லோரும் கேட்கட்டும். உண்மை பேசுகிறவன் எதற்குக் குசுகுசுக்க வேண்டும்?

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். வளைவில் எனக்கு வாந்தி வராது, உங்களுக்கு வரும். பைக்குள் கேமராவா? நினைத்தேன். கேமராவோடு மலையேறுகிறவர்கள் எல்லாரும் எங்கள் ஊருக்குத்தான் வருகிறார்கள். வந்து வையாபுரியைத்தான் பார்க்கிறார்கள். உண்ணிச்செடியை வேரோடு ஒழித்த ஊர், செத்துப்போன ஊற்றைப் பிழைக்க வைத்த ஊர், ஒற்றுமையாக உழைத்த ஊர் என்று பேப்பரில் போட்டிருந்தான். படமும் போட்டிருந்தான். கோயில் காட்டின் முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு சிரித்தபடி நிற்கிறான் வையாபுரி.

ஒற்றுமையா? இந்தக் காதைப் பாருங்கள். பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி அந்த ஒற்றுமையில் போனது.

வையாபுரி எனக்கு மாப்பிள்ளை. என் தங்கை பூங்காவனத்தின் புருஷன். அவன் கீழத்தெரு, நான் மேலத்தெரு. ஊருக்கு இருப்பதே இரண்டு தெருதான், நடுவில் நாச்சிக்காடு. நாச்சி யார் தெரியுமா? எங்கள் ஊர்ப் பெண். அவளைக் கட்டினவனை அவள் அண்ணன்மார்களுக்குப் பிடிக்கவில்லை. அவனை வெட்டப் போனார்கள், அவள் குறுக்கே விழுந்தாள், அரிவாள் அவள் மேல் இறங்கிவிட்டது. அவள் விழுந்த இடத்தில் ஊற்று, ஊற்றைச் சுற்றிக் காடு. அதனால் அவளுக்கு இரும்பு ஆகாது. அரிவாள், மண்வெட்டி, கொடுவாள், சட்டைப்பையில் இருக்கிற சாவிக்கொத்து வரைக்கும் எல்லைக்கல்லில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாச்சிக்குப் பலி கொடுக்கிற கிடாவைக்கூட எல்லைக்கு வெளியேதான் வெட்டுவோம். காட்டுக்குள் தானாக விழுந்த விறகைக் கையால் ஒடித்து எடுக்கலாம், அதுவும் வீட்டுக்கு ஒரு சுமை. பச்சை மரத்தில் நகம்கூடப் படக்கூடாது.

எல்லைக்கல்லில் குவிந்து கிடக்கிற இரும்பில் என் கத்தி தனியாகத் தெரியும். பலாமரப் பிடி, நானே இழைத்தது. பிடியின் கழுத்தில் பித்தளைப் பூண். மலையிலேயே அப்படி ஒரு கத்தி வேறு எவனிடமும் கிடையாது. அது இப்போது என்னிடம் இல்லை. தொலைந்துபோய்விட்டது. அதை விடுங்கள்.

உண்ணிச்செடி எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. ரோஜாவும் மஞ்சளுமாகப் பூத்தது, பெண்கள் அழகு என்றார்கள். குருவி தின்று போட்ட இடமெல்லாம் முளைத்தது. ஒரு தலைமுறைக்குள் காட்டுக்குள் முயல்கூடத் தலை நுழைக்க முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டது. பெரிய மரங்கள் மேலே நின்றன. கீழே ஒரு நாவல் கன்று கிடையாது, ஓர் இலுப்பைக் கன்று கிடையாது. கிழங்கட்டைகள் மட்டுமே இருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது காடு. ஒரு காற்றுக்கு ஒரு மரம் சாயும், அதன் இடத்துக்கு வர ஆள் இல்லை. மரம் சாயச் சாய ஊற்றும் இளைத்தது. எருமை முங்கிக் குளித்த ஊற்று சார். என் சின்ன வயதில் ஒரு எருமை அதற்குள் போய் மலையின் அந்தப் பக்கம் எழுந்து வந்தது. கடைசியில் கொட்டாங்கச்சியால் வழித்துக் குடத்தில் ஊற்றினார்கள். ஒரு குடம் நிறைவதற்குள் சோறு வெந்து குழைந்துவிடும். ஊருக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஊற்று போனால் ஊரும் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

அப்போதுதான் வையாபுரி ஊர்க்கூட்டம் போட்டான். நாச்சியிடம் பூப்போட்டு உத்தரவு கேட்போம், இந்த ஒரு தடவை இரும்பை உள்ளே விடச் சொல்லுவோம், அரிவாளால் உண்ணியை வெட்டிச் சாய்ப்போம் என்றான். நான் விடுவேனா? நாச்சிக்காட்டுக்குள் இரும்பா? என் உயிர் இருக்கிறவரை நடக்காது என்றேன்.

அவன் பொறுமையாகத்தான் கேட்டான். "உங்களுக்கு வருத்தம் நாச்சி மேலயா, கிடாத்தலை மேலயா மச்சான்?"

கிடாத்தலை என்றால் உங்களுக்குப் புரியாது. திருவிழாவில் பலிக்கிடாவின் தலை மேலத்தெருப் பெரியவனுக்கு. என் அப்பன் வாங்கினான், நான் வாங்கினேன். வையாபுரி ஊர்த்தலைவன் ஆன வருஷம் அந்தத் தலையைத் தூக்கி, மரக்கன்று கொடுக்க வந்த வனத்துறை ஆபீசரிடம் மரியாதை என்று நீட்டிவிட்டான். அந்த மனுஷன் சைவம். தலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜீப் சீட்டில் வைத்துக்கொண்டு போனார். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாச்சிக்காகத்தான் பேசினேன். பேசிவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தேன். நடுப்பல் ஆடிற்று. அவன் திருப்பி அடிக்கவில்லை, ரத்தத்தைத் துப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டான். கோழை சார்.

அவன் சொன்னது தப்பு என்று நாச்சியே காட்டிவிட்டாள். எல்லைக்கு வெளியே, ரோட்டோரத்து உண்ணியை அவன் தெரு ஆட்களை வைத்து வெட்டினான். ஒரு மழைதான் பெய்தது. ஒரு குச்சி நின்ற இடத்தில் பத்துக் குச்சி கிளம்பி வந்தது. நான் அந்த ரோட்டில் நின்று ஊருக்கே கேட்கச் சிரித்தேன். அப்படியென்றால் வேரோடுதான் பிடுங்க வேண்டும், வெறுங்கையால் பிடுங்குவோம் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டான். யார் வருவார்கள்? உண்ணி முள் கையைக் கிழித்துவிடும், வேர் பாறையைக் கட்டிக்கொண்டு கிடக்கும். ஒருவனுக்கு இடுப்பு வலி, இன்னொருவனுக்கு மாமனார் சாவு. அந்த மாமனார் அந்த வருஷத்தில் மூன்று பேருக்கு மாமனாராகச் செத்தார். பாறை மாதிரி இருந்தார் மனுஷன், இப்போதும் இருக்கிறார்.

கோடை வந்தது. ஊற்றடியில் கீழத்தெருக்காரி ஒருத்தி முறை தவறிக் குடத்தை வைத்தாள் என்று மேலத்தெருக்காரி அவள் மண்டையில் கொட்டாங்கச்சியால் அடித்தாள். அவள் பித்தளைக் குடத்தைத் தூக்கி இவள் முகத்தில் போட்டாள். மூக்கு உள்ளே போய்விட்டது சார், வெளியே எடுக்க வைத்தியர் ஊதினார். கூச்சல் கேட்டு இரண்டு தெரு ஆண்களும் அரிவாளோடு ஓடினோம். வெட்டிக் கூறு போட்டுவிடுகிற வெறி. எல்லைக்கல்லுக்கு வந்தோம். வந்ததும் என்ன செய்தோம் தெரியுமா? எல்லோரும் குனிந்து அரிவாளைக் கல்லடியில் வைத்தோம். யாரும் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து செய்கிற காரியம், கை தானாகச் செய்துவிட்டது. ஒருவன் எதிராளியிடம், உன் அரிவாளைத் தள்ளி வை, என்னுடையதோடு கலந்துவிடும் என்று சொன்னதை நானே கேட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அவன் விரலைக் கடித்தான்.

அரிவாள் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு வெட்டு, ஒருவன் விழுவான், மற்றவன் ஓடுவான். இரும்பில்லாத சண்டைக்கு முடிவே கிடையாது. கடிக்கிறான், பிறாண்டுகிறான், தலையால் முட்டுகிறான். ஒரு கம்பு கிடைக்காதா என்று பார்த்தால் எங்கே பார்த்தாலும் உண்ணி. அதையே பிடுங்கினோம். சும்மா பிடுங்கச் சொன்னால் வராத செடி, கோபத்தில் பிடுங்கினால் மண்ணோடு வருகிறது. வேர்க்கட்டை கையில் கதாயுதம் மாதிரி நின்றது. ஒருவன் முதுகில் விழுந்தால் முள் சட்டையோடு தோலையும் உரித்துக்கொண்டு போகும். ஒரு கட்டை உடைந்தால் அடுத்ததைப் பிடுங்கு. எங்கள் பூசாரி, பூனைக்கே வழிவிடுகிற மனுஷன், ஒரு புதரை மொத்தமாகப் பெயர்த்துத் தலைக்கு மேலே சுழற்றினார். அந்தப் புதருக்குள் ஒரு உடும்பு இருந்தது, அது பறந்துபோய்க் கீழத்தெருக்காரன் கழுத்தைக் கவ்வியது. வையாபுரியின் மார்பில் ஏறி உட்கார்ந்து நான் அடித்த அடியில் அவன் கண் இரண்டும் மூடிக்கொண்டன. அப்போதுதான் எவனோ பின்னால் வந்து என் காதைக் கடித்தான். துப்பினான். துப்பியது கீழே விழுவதற்குள் ஒரு காக்காய் வந்து கொண்டுபோய்விட்டது. சத்தியமாக.

பொழுது சாய்ந்ததும் களைத்து விழுந்தோம். எழுந்து பார்த்தால் சண்டை நடந்த இடம் களத்துமேடு மாதிரி வெறும் தரை. மறு மழைக்கு அந்த இடத்தில் நாவல் கன்று இரண்டு இலை விட்டது. யாருக்கும் அதில் அக்கறையில்லை, எல்லோரும் கட்டுப் போட்டுப் படுத்திருந்தோம். வையாபுரி மட்டும் வீங்கின கண்ணோடு அந்தக் கன்றுக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தானாம். அடி மூளையில் இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஏனென்றால் அதற்குப் பிறகு அவனுக்குத் திமிர் ஏறிவிட்டது.

என் காது ஆறிக் கட்டு அவிழ்த்த மறுநாள் என் வாசலில் வந்து நிற்கிறான். மச்சான் என்று கூப்பிடுகிறவன், இத்தனை வருஷமும் நீங்க, வாங்க என்று பேசினவன், ஊரே பார்க்க, "ஏய் செல்லாண்டி, வெளிய வாடா" என்றான்.

அட, பெயரைச் சொல்லிவிட்டேனா? மறந்துவிடுங்கள். இந்த மலையில் செல்லாண்டி நிறையப் பேர்.

பெண்ணைக் கொடுத்தவனைப் பெயர் சொல்லி டா போட்டால் விடமுடியுமா? விரட்டினேன். என் தெரு என் பின்னால், அவன் தெரு அவன் பின்னால். மறுபடி எல்லைக்கல், மறுபடி இரும்பைப் போட்டோம், மறுபடி உள்ளே. அந்த வருஷம் முழுக்க இப்படித்தான். அடி ஆறினதும் வருவான். ஒரு தடவை என் மீசையைச் சொன்னான், ஒரு தடவை என் அப்பனின் நடையை நடந்து காட்டினான். ஊரே சிரித்தது. பயந்தாங்கொள்ளி சார், நின்று அடிக்கமாட்டான், ஓடுவான். அதுவும் நல்ல தடத்தில் ஓடமாட்டான். உண்ணி எங்கே அடர்ந்து கிடக்கிறதோ அங்கே பார்த்து ஓடுவான். புத்தி இருக்கிறவன் அப்படி ஓடுவானா? போன தடவை சண்டை போட்ட பக்கம் திரும்பியே பார்க்கமாட்டான், ஒவ்வொரு தடவையும் புதுப் பக்கம். அவனைப் பிடிக்க வழி வேண்டுமென்று நாங்கள் உண்ணியைப் பிடுங்கிப் பிடுங்கி முன்னேறுவோம். எத்தனை கை முறிந்தது, எத்தனை மண்டை பிளந்தது. அவனுக்கே விலா எலும்பு இரண்டு தடவை போயிற்று. அப்படியும் வருவான். சொரணை கெட்டவன்.

எனக்கு இதில் ஒன்றும் சந்தேகம் வரவில்லை, இதோ டிக்கெட் கிழிக்கிறானே இந்த கண்டக்டர், இவன் வாயைத் திறக்கிறவரை. இதே பஸ்ஸில், இதே சீட்டில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறேன். "உங்க மாப்பிள்ளை தரிசு திருத்த மாடு பூட்டறதில்ல பெரியவரே, உங்களைத்தான் பூட்டறாரு" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் சிரித்த சிரிப்பில் ஸ்டியரிங் ஆடிற்று. நானும் சிரித்தேன். ஏன் சிரிக்கமாட்டேன்? எனக்குக் கோபமே வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை, பசியில்லை. கத்தியைத் தீட்டினேன். அது எப்போதும் தீட்டுவதுதான்.

மறுவாரம் அவன் வந்தான். என் வாசலில் நின்று, கிடாத்தலை ரசம் வைத்தோம் மச்சான், சைவ ஆபீசரே இன்னும் விரலைச் சூப்புகிறார் என்றான். ஓடினான். விரட்டினேன். எல்லைக்கல்லில் எல்லோரும் இரும்பைப் போட்டார்கள். நானும் போட்டிருப்பேன். போடாமல் எப்படி? பிறந்ததிலிருந்து பழகின கை. கல்லில் ஏதோ விழுந்த சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. அந்த அவசரத்தில் இடுப்பைத் தடவிப் பார்க்கிற நேரமா?

காட்டுக்குள் இப்போது ஓடுவதற்கு இடம் இருந்தது. இடுப்பளவு கன்றுகள் வந்திருந்தன. அவன் கன்றுகளை மிதிக்காமல் வளைந்து வளைந்து ஓடினான், நான் நேராக ஓடினேன். அதனால்தான் எட்டிப் பிடித்தேன். ஊற்றுக்குப் பின்னால் ஒரே ஒரு பெரிய புதர்க்கூட்டம் மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்கினான். மற்றவர்கள் பின்னால் வந்துகொண்டிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நக்கலாக இல்லை, கூட வேலை செய்கிறவனைப் பார்த்துச் சிரிப்பது மாதிரி.

"இதான் மச்சான் கடைசி. இதையும் பிடுங்கி என்னை நாலு சாத்து சாத்துங்க. அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து தண்ணி குடிக்கலாம்."

எனக்கு நினைவு இருப்பது அவ்வளவுதான்.

அப்புறம் பார்க்கிறேன், அவன் ஊற்றங்கரையில் உட்கார்ந்திருக்கிறான். தொடையில் ஒரு கத்தி பிடி வரை இறங்கியிருக்கிறது. ரத்தம் ஊற்றுக்குள் ஓடுகிறது, தண்ணீரெல்லாம் சிவப்பு. என் கை, கால், வேட்டி எல்லாம் ரத்தம். பக்கத்தில் நின்றால் தெறிக்காதா? கத்திக்குப் பலாமரப் பிடி, கழுத்தில் பூண். அதனால் என்ன? இந்த மலையில் பலாமரத்துக்கா பஞ்சம்? யார் வேண்டுமானாலும் இழைக்கலாம்.

அவன் வலி என்று கத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "மச்சான், இரும்பை வெளிய கொண்டுபோயிடுங்க. நாச்சி இருக்கா."

நான் நகரவில்லை. பூங்காவனம்தான் வந்தாள், குடத்தோடு. குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையைக் கிழித்துப் புருஷனின் தொடையை இறுக்கிக் கட்டினாள். கத்தியை உருவினாள். அதை மிச்ச முந்தானையில் சுற்றிக்கொண்டு, என்னைத் தாண்டித்தான் நடந்தாள், எல்லைக்கல்லில் கொண்டுபோய்ப் போட்டாள். தாண்டும்போது என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கூச்சலில் அவளுக்குக் காது அடைத்துவிட்டது சார். நான் கூப்பிட்டால் கேட்பதில்லை. மற்றவர்கள் கூப்பிட்டால் திரும்புகிறாள். அது ஒரு தினுசான செவிடு, வைத்தியம் கிடையாதாம்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டது. அவன் என்ன சொன்னான் தெரியுமா? பன்றி குத்திவிட்டது என்றான். காட்டுப்பன்றி, பெரியது, ஒற்றைக் கொம்பன் என்று கையை விரித்துக் காட்டினானாம். டாக்டர் காயத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பன்றி என்றே எழுதிவிட்டார். பாருங்கள் அவன் புளுகை. நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன், எனக்கு வயிறு எரிகிறது. அவன் குத்தினவன் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன? கேஸ் ஆகியிருக்கும், யாரோ ஒருவன் உள்ளே போயிருப்பான், காட்டைச் சுற்றி வேலி போட்டுப் பூட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே. இவன் புகழுக்காகப் பன்றியோடு மல்லுக்கட்டின வீரன் ஆகிவிட்டான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்தப் பன்றியைப் படம் வரைகிறார்கள். மீசை வைத்து வரைகிறார்கள். பன்றிக்கு ஏது மீசை?

அவன் படுத்திருக்கும்போதே பூசாரிக்கு அருள் வந்தது. காட்டுக்குள் இரும்பு வந்துவிட்டது, ரத்தம் தண்ணீரைத் தொட்டுவிட்டது, மிச்சமிருக்கிற உண்ணி முழுவதையும் ஊரே கூடி, ஒரு வார்த்தை பேசாமல், வெறுங்கையால் பிடுங்கித் தீட்டுக் கழிக்க வேண்டும் என்றார். இரும்பைக் கொண்டுவந்தவன் முதல் வேரில் கை வைக்க வேண்டும் என்றார்.

ஊரே எல்லைக்கல்லில் நின்றது. யாரும் அசையவில்லை. யாரும் யாரையும் பார்க்கவும் இல்லை, எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிற்று. எனக்கு ஒரே இடத்தில் நின்றால் கால் மரத்துப்போகும், பழைய வியாதி. சற்று நடந்து பார்க்கலாம் என்று உள்ளே போனேன். ஊற்றுக்குப் பின்னால் அந்தப் புதர் நின்றது. சும்மா நிற்கிறோமே என்று கை வைத்தேன். தற்செயல்தான். திரும்பிப் பார்த்தால் மொத்த ஊரும் என் பின்னால் வந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு சத்தம் இல்லை. மேலத்தெருக்காரன் பிடுங்க, கீழத்தெருக்காரன் அணைத்து இழுத்தான். என் கையெல்லாம் கிழிந்து ரத்தம் சொட்டியது, நான் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை. ஆபீசர்கள் வந்து படம் பிடித்தது அன்றைக்குத்தான். ஒற்றுமை என்று பேப்பரில் வந்ததும் அதுதான், அவன் கம்பூன்றி நிற்கிற படம் மட்டும் கால் ஆறின பிறகு எடுத்தது.

இப்போது ஊற்று நிறைந்து ரோடு வரைக்கும் வருகிறது. நாவல் மரத்தில் ஏறிக் கிளியை விரட்ட ஆள் வேண்டியிருக்கிறது. அந்தக் கத்தி மட்டும் எல்லைக்கல்லடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது, யாரும் எடுக்கமாட்டேன் என்கிறார்கள். யாருடையதோ, எனக்கென்ன? நான் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை. போன திருவிழாவில் கிடாத்தலையை யாரோ என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கம்பு ஊன்றின தடம் வாசல் முழுக்க இருந்தது. நான் சமைக்கவில்லை. தூக்கியும் போடவில்லை, உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊர் வந்துவிட்டது சார். அதோ நிழற்குடையில் கம்போடு நிற்கிறான் பாருங்கள், உங்களுக்காகத்தான். நான் பின்படி வழியாக இறங்கிக்கொள்கிறேன், என்னைப் பார்த்தால் மச்சான் சாப்பிட வாங்க என்று ஊரைக் கூட்டுவான். நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தப் பன்றியைப் பற்றிக் கேளுங்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு, எவ்வளவு நீளம் என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், புளுகு வெளியே வரட்டும். பன்றி கிடையாதே, உனக்கு யார் குத்தினது என்று தெரியாதா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் யார் சொன்னது என்று கேட்பான். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவனிடம் மட்டுமில்லை, எவரிடமும் வேண்டாம். ரொம்பவும் வற்புறுத்தினால் பன்றி சொன்னது என்று சொல்லுங்கள். அவன் நம்புவான்.